எட்டுக்கு எட்டு

புந்தா அரேனாஸில் காற்று வீசும் நாளில்
தெருமுனையில் கட்டிய கயிற்றைப் பிடித்துத்தான் நடப்போம்.
ஆய்வகக் கதவை முதுகால் தள்ளிச் சாத்தும்போது
காதிரண்டும் இரைச்சலால் நிரம்பியிருக்கும்.
அதன்பின் மாலைவரை
வேறு காதுகளை எண்ணுவது என் வேலை.

மெழுகில் புதைந்த சதைத்துண்டை
மயிரிழையில் பத்திலொரு பங்குக்கும் மெலிதாய்ச் சீவி
வெந்நீரில் மிதக்கவிட்டுக் கண்ணாடியில் ஏந்துவேன்.
கருக்களுக்கெல்லாம் நீலம்.
ஏற்பி இருக்கும் கருவுக்கு மட்டும்
கொதித்து அடங்கிய தேயிலையின் பழுப்பு.

பெயரைப் பார்ப்பதில்லை. அது விதியல்ல, என் வழக்கம்.
இன்று சீட்டு நிமிர்ந்து கிடந்தது.
எதெல்மிரா பார்ரீயா, நாற்பத்தாறு.
நண்டுத் தொழிற்சாலையில் என் அக்காவுக்கு அடுத்த மேசை.
போன ஜூலையில் ஒரு சென்தோயாவை என் கையில் திணித்து
"அமுக்கிப் பார், ஓடு இன்னும் காகிதம்.
உள்ளே பாதி தண்ணீர்தான், யாரும் வாங்க மாட்டார்கள்,
நீ எடுத்துப் போ" என்றவள்.

ஓட்டைக் கழற்று என்று நண்டுக்குச் சொல்வதும்
இரத்தத்தில் ஒரு ஹார்மோன்தான்.
கழற்றும், ஒளியும், மெத்தென்று இருக்கையிலேயே பெரிதாகும்.
பிறகு ஓடு இறுகும். அவ்வளவு போதும்.

ஈஸ்ட்ரோஜன் சவ்வைத் தட்டிக் காத்திருக்காது.
எண்ணெய்க்குள் எண்ணெயாய் நுழைந்து
கருவில் இருக்கும் ஏற்பியின் குழிவில் அமரும்.
ஏற்பி மடிப்பொன்றை இழுத்து மூடும்,
தன்னைப்போல் இன்னொன்றின் தோளைப் பற்றும்,
இரண்டுமாய் மரபிழைமேல் இறங்கி
வேண்டிய பக்கத்தைத் திறக்கும்.
சைக்ளின் பிறக்கும். இழை படியெடுக்கப்படும். ஒன்று இரண்டாகும்.
சேதியை ஒப்படைத்த ஏற்பியை
செல்லே நொறுக்கி எறியும்.
ஒரு காதுக்கு ஒரு சேதி.

நோயில்லாத மார்பில் இன்னொரு விசித்திரம் உண்டு.
கேட்ட செல் பெரும்பாலும் பிரிவதில்லை.
பக்கத்துச் செல்லிடம் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும்.
துறைமுக வானொலி அறையில் என் இவோ
எல்லாப் படகுக்கும் புயலைச் சொல்லிவிட்டு
நாற்காலியைவிட்டு அசையாமல் இருப்பானே, அப்படி.

எதெல்மிராவின் துண்டிலோ
கேட்பதும் அதே செல், பிரிவதும் அதே செல்.
யாருக்கும் சொல்லாமல்
எல்லாச் சேதியையும் தனக்கே வைத்துக்கொண்டது.

எண்ணிக்கைக்கு ஐந்து. அழுத்தத்துக்கு மூன்று.
எட்டுக்கு எட்டு என்று எழுதினேன்.
இத்தனை பழுப்பும் நல்ல சேதி என்றால்
அவள் என்னை அடிக்க வருவாள்.
ஆனால் நல்லதுதான்.
செவிட்டுச் செல்லிடம் எந்தக் குரலில் பேசுவது?
தினம் ஒரு வெள்ளை மாத்திரை
அதே குழிவில் போய் உட்காரும்,
கால் ஒன்றை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு.
மடிப்பு மூடாது. பக்கம் திறக்காது.
காது நிரம்பியிருக்கும், கேட்டது ஒன்றுமிராது.

சில வருடம் போனால் சில ஏற்பிகள்
உருத்திரிந்து, யாரும் வராமலே தாமாகப் பேசத் தொடங்கும்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
நானும் கையெழுத்திட்டேன்.

சனிக்கிழமை, கயிற்றின் மறுமுனையில் அவள்.
தலைத்துணி பறக்க, வாய் பெரிதாய் அசைகிறது.
நண்டைப் பற்றியோ, அக்காவைப் பற்றியோ,
அல்லது திங்கட்கிழமை டாக்டரைப் பார்ப்பதைப் பற்றியோ.
காற்று ஒரு சொல்லையும் என்னிடம் விடவில்லை.
திங்கள்வரை நானும் சொல்லக் கூடாது.
தலையை மட்டும் ஆட்டினேன், எதற்கென்று தெரியாமலே.
அவள் என்னைக் கடக்கையில்
இருவர் எடைக்கும் கயிறு ஒருமுறை தாழ்ந்து
எழுந்தது.